பாலைமரத்துக்குள் காபன் கிடக்கிறது

முரசுமோட்டை,
புதன்கிழமை.

பெருமதிப்புக்குரிய சம்பந்தி ஐயாத்துரை அவர்களுக்கு,

முருகன் அருளால் நாங்கள் நலம். மாங்குளத்தில் நீங்களும் சம்பந்தி அம்மாவும் நலமென்று நம்புகிறேன். நம்பத்தான் முடியும், நான் எடுக்கிற போனையெல்லாம் வெட்டிவிடுகிறீர்களே! மாமியார் மாப்பிள்ளையை வளவை விட்டுத் துரத்தினார் என்று கேள்விப்பட்டீர்களாம். துரத்தவில்லை ஐயா, காப்பாற்றினாள்.

உங்கள் மகன் செந்தூரன் மரங்களில் காபன் அளக்கிற உத்தியோகம் பார்ப்பது எங்களுக்குப் பெருமை. ஆனால் காபன் என்றால் என்னவென்று கேட்க வெட்கப்பட்டு, நானும் என் மனைவி விமலேஸ்வரியும் தலையாட்டி வைத்திருந்தோம், பிழை தொடங்கின இடம் அதுதான். அன்றைக்கு வீட்டுக்கு வந்த தம்பி தேத்தண்ணிகூடக் குடியாமல், கலியாணப் பந்தல் போட இருந்த எங்கள் பாலைமரத்தைக் கட்டிப்பிடித்து அளவுநாடா போட்டார். பிறகு, "மாமி, இதுக்குள்ளை ஒரு தொன் காபன் கிடக்கு. எரிச்சால் முழுக்க வெளியிலை வந்திடும்" என்றார்.

நீங்களும் வன்னிதானே சம்பந்தி. சண்டை நடந்த எங்கள் பக்கத்து மரத்துக்குள் ஏதோ கிடக்கிறதென்றால் அது என்னவாக இருக்கும்? மரம் அரிகிறவனே "உள்ளுக்கை ஷெல் துண்டு கிடக்கோ?" என்று கேட்டுத்தான் வாளை வைக்கிறான். இது வெடிச்சாமானில் புதுவகை என்று விமலேஸ்வரி முடிவெடுத்துவிட்டாள். "அப்ப அந்த முருங்கை, தம்பி?" என்று கேட்டாள். "அது கெதியிலை வளருற மெல்லிசு மரம் மாமி. கனகாலம் வச்சிருக்காது, எந்த நேரமும் விட்டிடும்." முருங்கைக்குக் கீழே நின்றது எங்கள் மகள் சாரங்கா. "பிள்ளை ஓடு! தம்பி, மரத்தை விட்டிட்டு ஓடுங்கோ!" என்று விமலேஸ்வரி போட்ட சத்தத்தில், தம்பி குளவியாக்கும் என்று ஓடி, வாய்க்காலுக்குள் விழுந்து, ஒற்றைச் சப்பாத்தோடு மோட்டார் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். மற்றச் சப்பாத்தைக் கழுவிக் காயவைத்திருக்கிறோம். இவள் பாலையைச் சுற்றிச் சிவப்புக் கயிறு கட்டி, மாட்டை அயல்வீட்டுக்கு அனுப்பி, பந்தல்காரனையும் வரவேண்டாம் என்றுவிட்டாள்.

பிறகு சாரங்காதான் அழுதழுது விளக்கினாள். காபன் வேறொன்றுமில்லையாம், அடுப்புக்கரிதானாம்! மரம் அதைக் காற்றிலிருந்து எடுத்து உடம்பாக்கிக்கொள்ளுமாம். முருங்கை அவசரக்காரன், விறுவிறென்று வளர்ந்து, காற்றுக்கு முறிந்து, உக்கி, எடுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிடும். பாலை ஆறுதலாக வளர்ந்து, இறுக்கிப் பிடித்து, பேரப்பிள்ளைகள் காலம்வரை வைத்திருக்கும். கதவாகச் செய்தாலும் கதவுக்குள் இருக்குமாம்.

பிள்ளை சாப்பிடுகிறாள் இல்லை, சம்பந்தி. இந்தச் சம்பந்தத்தைக் குழப்பிவிடாதீர்கள். கலியாணம் அந்தப் பாலைக்குக் கீழேயே நடக்கட்டும். அந்த மரத்துக்குள் கரியைத் தவிர ஒரு மண்ணும் இல்லை. நான் பொறுப்பு.

தம்பிக்கு எங்கள் ஆசிகள், சம்பந்தி அம்மாவுக்கு வணக்கங்கள்.

பணிவுடன்,
கனகலிங்கம்

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போன நேரம், விமலேஸ்வரி சொல்லியனுப்பிய மிதிவெடி எடுக்கிற பாலன், இரும்பைக் கண்டால் கத்துகிற தன் கருவியோடு வந்தார். அவளுடைய மனத்திருப்திக்காகப் பாலையில் பிடிக்கச் சொன்னேன். கருவி வீறிட்டுக் கத்தியது. "பழைய ஷெல் துண்டு ஐயா. மரம் மூடி வளர்ந்திட்டுது, ஒண்டும் செய்யாது" என்கிறார். விமலேஸ்வரி தம்பியின் சப்பாத்தைப் பைக்குள் வைக்கிறாள். ஆகவே கலியாணத்தை உங்கள் வளவிலேயே வைப்போம். இந்தக் கடிதத்தையும் நாளைக்கு முதல் பஸ்ஸில் நாங்களே கொண்டுவாறம். நீங்கள் வாசித்து முடிக்குமட்டும் படலைக்கு வெளியிலேயே நிற்போம். முருங்கை ஏதும் நின்றால் தறித்துப்போட்டு எங்களைக் கூப்பிடுங்கோ.