கணினிப் பரீட்சைக்கு வந்த முனி

மெஷின் ஓடுகிற இடத்தில் முனி இருப்பார். பசறைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எங்கள் தேயிலை ஆலையில் காவல் தெய்வமான ரோதைமுனிக்குப் பூசை வைக்காமல் எந்தச் சக்கரமும் சுற்றாது. பதுளையில் நான் படித்த கல்லூரியிலோ அறை நிறையக் கணினிகள், ஒரு துண்டுக் கற்பூரம்கூடக் கிடையாது. (வெளங்குமா?)

முதல் வருடக் கணினிப் பரீட்சை. லீவுக் கடிதம் ஒன்றை டைப் செய்ய வேண்டும். பெயிலானால் படிப்பு அத்தோடு சரி. அம்மாவோடு கொழுந்து எடுக்க மலை ஏற வேண்டியதுதான். பட்டப்பகலிலேயே பனிமூட்டம் ஜன்னலை அடைத்திருந்தது. அறையில் கீபோர்டுச் சத்தம் மட்டும்தான். நான் கீபோர்டை மட்டுமே பார்த்து, ஒற்றை விரலால் குத்திக் குத்தி முடித்துவிட்டு நிமிர்ந்தேன்.

திரையில் என் கடிதம் இல்லை. நான் தொடாமலே எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன: 'என் தாயார் இன்று காலை இறந்துவிட்டபடியால்...'

கைகளை மடியில் ஒளித்துக்கொண்டேன். எழுத்து நிற்கவில்லை. அம்மா காலையில்தான் மழையோடு மழையாக மலைக்குப் போயிருந்தாள். மறுபடி கீபோர்டில் குத்தினேன்: 'முனியப்பா, எங்கம்மாவ விட்டுருங்க. செவப்புச் சேவல் தாறேன்.'

நான் அடித்தது எங்கும் தெரியவில்லை. ஆனால் திரையில் ஓடிய எழுத்து சட்டென்று நின்றது. கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது: 'சேவல் வேணாம். என்னைய விட்டுருங்க.'

(முனியே கெஞ்சினா மனுசி எங்க போறது?)

பின்வரிசையில் யாரோ "அல்லாஹ்!" என்று அலறி நாற்காலியோடு விழுந்த சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. வாசலில் வைத்திருந்த பையிலிருந்து போனை எடுத்து அம்மாவைக் கூப்பிட்டேன்.

"அம்மா, உசிரோட இருக்கியா?"

"என்னாடி கேள்வி இது? கங்காணி பாக்குறாரு, போன வையி!"

அந்த ஏச்சைக் கேட்டதும் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

உள்ளே போனபோது பரீட்சை நடத்திய சேர் கைக்கொரு கீபோர்டாகப் பிடித்துக்கொண்டு நின்றார். வயர் இல்லாதவை. தூசு துடைத்தவர்கள் இடம் மாற்றி வைத்துவிட்டார்கள். நான் அடித்தது பின்வரிசை ரிஸ்வானின் திரையிலும், அவன் அடித்தது என் திரையிலும் விழுந்திருக்கிறது. லீவு வேண்டிக் கடிதத்தில் அவன்தான் தன் அம்மாவைக் கொன்றிருக்கிறான், படுபாவி.

"ஏம்மா, ஒரு தடவயாவது நிமிந்து பாக்கக் கூடாதா?" என்றார் சேர்.

மறுபடி எழுதி இருவரும் பாஸானோம். கதையைக் கேட்ட அம்மா விடவில்லை. நேர்ந்தது நேர்ந்ததுதான் என்று ஆலை முனிக்குச் சேவலை அறுத்தாள்.

இப்போது நான் கொழும்பில் வேலை செய்கிறேன், நாள் முழுக்கக் கணினியோடுதான். அம்மாவுக்கு எப்போது கோல் எடுத்தாலும் ஹலோ மட்டும் வராது.

"உசிரோடதான் இருக்கேன், சொல்லு."