எழுத்து மாறும் நாள்

நெடுவழி நாட்டில் கடல் இல்லை, மலை இல்லை. சாலை மட்டும் இருந்தது. ஆகவே அந்நாட்டு மக்கள் தங்கள் பெருமை, பொறாமை எல்லாவற்றையும் வண்டியிலேயே ஏற்றி வைத்திருந்தார்கள். வாசலில் குதிரை வண்டி நிற்காத வீட்டை அங்கே யாரும் வீடென்று சொல்வதில்லை.

தலைநகரில், சட்டமன்றத்துக்கு நேர் பின்தெருவில், பூங்காவனம் வண்டிப் பட்டறை வைத்திருந்தாள். அவள் பட்டறை வண்டி குலுங்காது என்று நாடெங்கும் பேச்சு. அந்தப் பேச்சைத் தொடங்கியவள் அவள்தான். ஆனால் அது உண்மை.

ஒருநாள் தலையாளரின் ஊர்வலத்துக்கு முன்னால் ஒரு பழைய வண்டி அச்சு முறிந்து கவிழ்ந்தது. நாட்டை ஆள்பவருக்கு அங்கே தலையாளர் என்று பெயர். அவர் வெயிலில் சற்று நேரம் நிற்க வேண்டியதாயிற்று. மறுவாரம் சாலைத்துறை அமைச்சர் வில்வநாதர் தகடு ஆணையை மன்றத்தில் வாசித்தார். ஒவ்வொரு வண்டியின் முதுகிலும் ஒரு செப்புத் தகடு. தகட்டில் அந்த வண்டி வாங்கிய ஆண்டின் எழுத்து. முதல் ஆண்டு அ, அடுத்த ஆண்டு ஆ. அறுவடைத் திருநாளன்று எழுத்து மாறும்.

“எது பழைய வண்டி, எது புதிய வண்டி என்பதைச் சாலைக் காவலர் ஒரே பார்வையில் அறிவார்” என்றார் அமைச்சர். “மக்களின் பாதுகாப்பே இந்த அரசின் மூச்சு.”

சாலைக் காவலர் அறிந்தார்கள். சம்பந்தி வீட்டாரும் அறிந்தார்கள். பையன் நல்லவன், படித்தவன், ஆனால் ஆ வண்டியில் வந்தான் என்று ஒரு கல்யாணம் நின்றது. விருந்துக்குப் போனவர்கள் வண்டியின் முதுகைச் சுவரோடு ஒட்டி நிறுத்தினார்கள். சிலர் தகட்டில் சேறு பூசினார்கள். எழுத்து பழசாக இருப்பதைவிட வண்டி அழுக்காக இருப்பது கௌரவம் என்று ஆயிற்று.

மூன்றாம் ஆண்டு, திருநாளுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, ஊர் மருத்துவச்சி ரஞ்சிதம் பட்டறைக்கு நடந்து வந்தாள். அவள் வண்டிச் சக்கரம் உடைந்திருந்தது.

“புதுசு ஒண்ணு தயாரா நிக்குது. ஏறிப் பாரு” என்றாள் பூங்காவனம்.

“ஏறிப் பாக்கலாம், வாங்க முடியாதுக்கா. இப்ப வாங்கினா இ. திருநாள் தாண்டிட்டா அது பழசு. ஈ வரட்டும்.”

“அதுவரைக்கும் பிள்ளைப்பேறு எல்லாம் நின்னு வருமா?”

“நடந்து போய்க்கிறேன்.”

அந்த இரண்டு மாதமும் நாட்டில் ஒரு வண்டியும் விற்கவில்லை. திருநாள் விடிந்ததும் பட்டறைக் கதவு உடையும் அளவுக்குக் கூட்டம். தச்சர்கள் தூங்காமல் செய்தார்கள். ஈரம் காயாத மரத்தில் ஆரக்கால் போட்டார்கள். ஆகவே புது எழுத்து வண்டிகளே சாலையில் அதிகம் கவிழ்ந்தன. ஆனால் கவிழ்ந்து கிடக்கும் வண்டியிலும் எழுத்து புதிது என்பதால் சொந்தக்காரர்கள் தலை நிமிர்ந்தே நின்றார்கள்.

குறை அமைச்சரை எட்டியது. அவர் ஆராய்ந்தார். ஆண்டுக்கு ஒருமுறை எழுத்து மாறுவதால்தான் மக்கள் காத்திருக்கிறார்கள். எனவே இனி இருமுறை மாறும் என்றார். மக்கள் இருமுறை காத்திருந்தார்கள். முன்பு ஆண்டில் இரண்டு மாதம் சும்மா இருந்த பட்டறை இப்போது நான்கு மாதம் சும்மா இருந்தது. தச்சர்கள் இருமுறை தூக்கம் கெட்டார்கள்.

அமைச்சர் மறுபடியும் ஆராய்ந்தார். மாறும் நாள் தெரிவதால்தானே காத்திருக்கிறார்கள்? எழுத்து எ ஆன ஆண்டில் அவர் தம் மூன்றாம் ஆணையை வாசித்தார். இனி எழுத்து மாறும் நாள் இரகசியம்.

அதன்பின் யாரும் வண்டி வாங்கவில்லை. நாளைக்கே மாறலாம் என்று ஒவ்வொரு நாளும் காத்திருந்தார்கள். காணாமல் போன ஆட்டைப் பற்றித் தண்டோரா போட்டால்கூடப் பாதி ஊர் பட்டறைக்கு ஓடிவந்து மூச்சிரைக்க நின்றது. இருந்த வண்டிகளும் பல உடைந்துபோக, நோயாளிகளைக் கதவில் கிடத்தித் தூக்கிப் போனார்கள். விளைந்தது வயலிலேயே கிடந்தது.

“மக்கள் வாங்காததற்குக் காரணம் பட்டறைகளின் சோம்பல்” என்று அமைச்சர் கண்டுபிடித்தார். மன்றம் செயலற்ற கட்டடச் சட்டத்தை நிறைவேற்றியது. இரண்டு மாதம் வேலை நடக்காத கட்டடத்தை அரசு எடுத்து, வேலை செய்ய முன்வருபவருக்குக் கொடுக்கும். முன்வந்தவர் ஒருவர்தான். அமைச்சரின் மைத்துனர். அவர் ஒவ்வொரு பட்டறையாக வாங்கி அதில் தகடு வார்த்தார். நாட்டில் வண்டி குறைந்தது, தகடு குவிந்தது.

பூங்காவனத்தின் பட்டறையிலும் உளிச் சத்தம் நின்று வெகுநாளாகியிருந்தது. கொல்லனும் தச்சனுமாக அவளை நம்பி ஒரு தெருவே இருந்தது. அவள் அமைச்சர் வீட்டுக்குப் போனாள்.

“ஐயா, எழுத்து எப்ப மாறும்னு சொல்லிடுங்க. இல்லேன்னா மாறவே மாறாதுன்னாவது சொல்லிடுங்க. ரெண்டுல எதைச் சொன்னாலும் நாளைக்கே சனம் வண்டி வாங்கும்.”

“அம்மணி, இரகசியம் அரசின் சொத்து. அதை ஆளுக்கு ஆள் வழங்க இயலாது.”

“சரி, மன்றத்துல வந்து முறையிடலாம்னு பாத்தா அது பூட்டிக் கிடக்கு.”

அமைச்சர் குரலைத் தாழ்த்தினார். “உறுப்பினர்கள் வருவதில்லை. எல்லோருடைய வண்டியும் பழைய எழுத்து. புது எழுத்து எந்நேரமும் வரலாம் என்னும்போது, பழைய எழுத்தில் வந்து மன்ற வாசலில் இறங்குவது மாண்புக்கு இழுக்கு அல்லவா? எழுத்து மாறியதும் தவறாமல் வருவார்கள்.”

“எழுத்தை யாரு மாத்துறது?”

“அடியேன்தான். ஆணையை மன்றத்துக்குள், உறுப்பினர்கள் முன்னிலையில் வாசிக்க வேண்டும். வேறெங்கு வாசித்தாலும் செல்லாது.”

“அவங்க வந்தாத்தான் எழுத்து மாறும். எழுத்து மாறினாத்தான் அவங்க வருவாங்க.”

“இந்தச் சிக்கலை அரசு அறியும். தீர்வு காண ஒரு குழு அமைத்திருக்கிறோம்.”

“அந்தக் குழு எங்க கூடுது?”

“மன்றத்தில்தான்” என்றார் அமைச்சர்.

பூங்காவனம் எழுந்துகொண்டாள். பட்டறைக்குத் திரும்பியபோது ஆய்வாளர் சிவக்கொழுந்து கதவில் அறிவிப்பு ஒட்டிக்கொண்டிருந்தார். நாட்டில் செயலற்றவற்றைக் கண்டறியும் வேலை அவருடையது. லஞ்சம் வாங்காதவர், சிரிக்காதவர், சட்டத்தை மனப்பாடமாகச் சொல்பவர். தலைமைத் தச்சர் சடையப்பன் அவரோடு மல்லுக்கு நின்றார்.

“ஏங்க, சோம்பேறின்னு எழுதி ஒட்டுறீங்களே. ஆள் வந்து கேட்டா நாங்க செய்யமாட்டோம்னா சொன்னோம்?”

“காரணம் சட்டத்துக்குத் தேவையில்லை. சும்மா கிடக்கிறதா, இல்லையா? அவ்வளவுதான்.”

“விடுங்கண்ணே, அவர் வேலையை அவர் பாக்கட்டும்” என்றாள் பூங்காவனம். “ஐயா, இந்தச் சட்டம் வண்டிப் பட்டறைக்கு மட்டுமா?”

சிவக்கொழுந்து பசைக் குச்சியைக் கீழே வைத்தார். சட்டத்தைப் பற்றி அவரிடம் யாரும் இதுவரை ஆசையாகக் கேட்டதில்லை. கையைக் கட்டிக்கொண்டு ஒப்பித்தார். “‘தொழில் நடத்தற்குரிய எந்தக் கட்டடமும், அஃது எவருடையதாயினும்.’ எவருடையதாயினும் என்பது அமைச்சரே சேர்த்த சொல். ஒருவரும் தப்பிவிடக் கூடாது என்பதற்காக.”

“ஒருவரும்னா ஒருவரும்தானே?”

“ஒருவரும்.”

“அப்ப என்கூட வாங்க. பின்னால ஒரு கட்டடம் இருக்கு.”

மன்றத்தின் காவலாளி சாவியோடு வந்தான். பூட்டு லேசில் திறக்கவில்லை. சடையப்பன் எண்ணெய் விட்டார். உள்ளே அவைத்தலைவர் நாற்காலியில் ஒரு புறா முட்டைமேல் உட்கார்ந்திருந்தது. ஆட்களைப் பார்த்தும் அது எழவில்லை.

“இங்கே கடைசியா எப்ப சத்தம் கேட்டுச்சு?” என்று பூங்காவனம் காவலாளியைக் கேட்டாள்.

“மழைக்காலத்துல கேட்டதும்மா. அதுவும் இடி.”

சிவக்கொழுந்து இருக்கைகளை விரலால் தடவித் தூசியைப் பார்த்தார். “சும்மா கிடக்கிறது, ஐயமில்லை. ஆனால் இங்கே நடப்பது தொழில் என்று கொள்ளலாமா?”

“உறுப்பினருங்க சம்பளம் வாங்குறாங்களா?”

“மாதம் தவறாமல்.”

“சும்மாவா கொடுப்பீங்க? தொழில்னுதானே கொடுக்கிறீங்க?”

ஆய்வாளருக்கு இதில் பிழை தெரியவில்லை. அன்றே மன்றக் கதவில் அறிவிப்பு ஒட்டினார். அறிவிப்பில் குறித்த கெடு முடியும்வரை உள்ளே எவரும் வரவில்லை. வேலை செய்ய முன்வந்தவர் யார் என்று கேட்டபோது பூங்காவனம் கையை உயர்த்தினாள். அமைச்சரின் மைத்துனரும் கையை உயர்த்த வந்துகொண்டிருந்தார். அவர் வண்டி வழியில் கவிழ்ந்துவிட்டது.

அடுத்த நாள் சடையப்பன் ஆட்களோடு மன்றத்துக்குள் நுழைந்தார். கூரை உயரம், வெளிச்சம் தாராளம். புறாவைக் கூடோடு மாடத்துக்கு மாற்றினார்கள். அவைத்தலைவர் மேடையில் அச்சு செதுக்கினார்கள். ஆளுங்கட்சி வரிசையில் சக்கரம், எதிர்க்கட்சி வரிசையில் கூண்டு. இரண்டையும் நடுவில் வைத்துப் பூட்டினார்கள். வாசற்படிமேல் பலகை சாய்த்து வண்டியை இறக்கினார்கள்.

முதலில் வந்தவள் ரஞ்சிதம்.

“எழுத்து எப்பக்கா மாறும்?”

“ஆணையை மன்றத்துக்குள்ள வாசிக்கணும். மன்றத்துக்குள்ள இப்ப நாங்கதான் இருக்கோம். எங்களுக்கு வாசிக்கத் தெரியாதுன்னு வச்சுக்கோயேன்.”

ரஞ்சிதம் வண்டியைச் சுற்றி வந்து, சக்கரத்தை உலுக்கிப் பார்த்தாள். அச்சைத் தட்டிப் பார்த்தாள். வண்டி வாங்க வந்தவர் முதுகுத் தகட்டை விட்டுவிட்டுச் சக்கரத்தைப் பார்ப்பது பல ஆண்டுகளில் அதுவே முதல்முறை. அன்றே ஓட்டிப் போனாள். மறுநாள் நாலு பேர் வந்தார்கள். அந்த வாரக் கடைசியில் வரிசை தெருமுனை வரை நின்றது. அவசரமில்லை என்பதால் மரத்தைக் காயவைத்துச் செய்தார்கள். வண்டிகள் கவிழவில்லை.

அமைச்சர் வில்வநாதர் நடந்து வந்தார். கையில் சட்டத் திருத்தம் இருந்தது.

“அம்மணி, இது மக்களாட்சியின் கோயில். உடனே ஒப்படையுங்கள்.”

“தாராளமா எடுத்துக்கங்க ஐயா. நாங்க ரெண்டு மாசம் சும்மா இருந்தா.”

“திருத்தத்தை உள்ளே வாசித்துவிட்டால் இந்தச் சட்டமே கிடையாது.”

“வாசிங்க. யாரு வேண்டாம்னா? உறுப்பினருங்க எங்க?”

அமைச்சர் நாற்புறமும் ஆள் அனுப்பினார். ஆட்சியே போகிறது என்று சொல்லி அனுப்பியதால் உறுப்பினர்கள் எழுத்தை மறந்து கிளம்பினார்கள். சிலர் நடந்து, சிலர் பழைய வண்டியில், தகட்டில் துணி போர்த்திக்கொண்டு. ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்று ஒருவர் பாக்கியில்லாமல் வந்துவிட்டார்கள். உள்ளே நிற்கவே இடமில்லை. ஒவ்வோர் இருக்கையிலும் ஒரு சக்கரம் இருந்தது. ஆகவே எல்லோரும் வாசற்படியில் உட்கார்ந்தார்கள். அந்தப் பதவிக்காலத்தில் மன்றம் முழுதாகக் கூடியது அன்றுதான்.

அமைச்சர் எழுந்து தொண்டையைச் செருமினார். “மாண்புமிகு உறுப்பினர்களே...”

உள்ளே சம்மட்டி இறங்கியது. அவர் மறுபடி தொடங்கினார். மறுபடி இறங்கியது. கடைசி வரிசையில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், “இந்த வண்டியெல்லாம் என்ன எழுத்து?” என்று மெல்லக் கேட்டார்.

அப்போது கதவு விரியத் திறந்தது. புது வண்டி ஒன்று வாசலில் வந்து நின்றது. சடையப்பன் அதன் ஏர்க்காலைப் பிடித்திருந்தார். பின்னால் பூங்காவனம்.

“கொஞ்சம் எழுந்து வழி விடுங்க சாமிகளா” என்றாள். “வேலை நடக்குற இடம்.”

மன்றம் ஒருமனதாக எழுந்து ஒதுங்கியது.