இரண்டு ஏ வாங்கிய கடன்

பதினெட்டாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய். மும்பையின் உயரமான கட்டடங்கள் நிற்பது இந்தத் தொகையின்மேல்தான் என்பது பலருக்குத் தெரியாது. தவணை கட்டுகிற மும்முரத்தில் எனக்கே தெரியாமல் போயிற்று.

என் மனைவி சாமியாத்தாளின் ஓவர்லாக் மெஷினுக்கு வாங்கிய கடனில் மிச்சம் அது. இரண்டு தவணை தவறியதும் கடன் கம்பெனி மெஷினைத் தூக்கி அருள்புரம் குடோனில் 'பத்திரப்படுத்தி' வைத்தது. வீட்டிலிருந்தே தைத்துவந்த அவள் வருமானமும் அதோடு பத்திரமாயிற்று. தீபாவளி போனஸ் வந்ததும் முழுப் பணத்தையும் மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு இருவரும் நல்லூர்க் கிளைக்குப் போனோம்.

மேனேஜர் சசிகுமார் எழுந்து நின்று நாற்காலி போட்டார். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

"கன்னையண்ணா, உங்க கடன் இப்ப எங்ககிட்ட இல்லீங்க. எப்பவோ வித்துட்டோம்; வசூல் மட்டுந்தான் எங்க வேலைங்க."

"கடனைக்கூட வாங்குவாங்களாங்க?"

"நாலாயிரம் கடனை ஒரே பண்டலாக் கட்டி, மும்பையில ஒரு டிரஸ்ட்டுக்கு வித்தோமுங்க. அவங்க அதைத் துண்டு போட்டுப் பெரிய ஆளுங்களுக்கு வித்தாங்க. தரம் போடறவங்க உங்க பண்டலுக்கு 'டபுள் ஏ' குடுத்திருக்காங்க, பணம் பத்திரம்னு அர்த்தமுங்க!"

எனக்கு உடம்பு சிலிர்த்தது. முருகேஷ் டீக்கடையில் எனக்குக் கடன் கிடையாது. நாற்பது வயதில் எழுத்துப் பழகிய என் நோட்டில் எந்த வாத்தியாரும் ஒரு ஏ போட்டதில்லை. என் கடனுக்கு இரண்டு!

இருந்தாலும் நான் இருபத்திரண்டு வருஷம் பனியன் செக்கிங்கில் நின்றவன். ஓட்டையைப் பார்த்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டாமல் கை அடங்காது.

"பண்டலைப் பிரிச்சுப் பார்த்தது யாருங்க?"

"பிரிக்கிறதுக்காங்கண்ணா கட்டுவாங்க?"

இந்த உயர்ந்த தத்துவத்தில் ஒரு சின்னச் சட்டச் சிக்கல். கடனைச் சில மாதமாவது கையில் வைத்திருந்த பிறகே விற்கலாம் என்பது விதியாம்; இவர்கள் மை காயுமுன் விற்றிருந்தார்கள். வாங்கியவர்கள் வழக்குப் போட்டார்கள். கடன் யாருடையது என்று முடிவாகும்வரை யாரும் வசூலிக்கக் கூடாது என்று தடை வந்துவிட்டது.

"பணத்தை இங்கயே வெச்சுட்டுப் போனா?"

"தொட்டா கோர்ட் அவமதிப்புங்க."

"அப்ப எம்பட மெஷினு?" என்றாள் சாமியாத்தாள்.

"அதுவும் பண்டலுக்குள்ள இருக்குதுங்கக்கா."

எட்டு மாதம் மஞ்சப்பையோடு போனோம், வந்தோம். கடன் கொடுத்தவன் கடனாளியைக் கண்டு பின்வாசல் வழியே நழுவும் அதிசயத்தை அங்கேதான் பார்த்தேன்.

ஒன்பதாம் மாதம் சசிகுமாரே கூப்பிட்டார். வக்கீல் ஃபீஸ் கடனைத் தாண்டியதால் இரு தரப்பும் 'சமாதானம்' ஆகிவிட்டார்களாம்.

"முழுக்கத் தள்ளுபடிங்கண்ணா! ஃபாரத்துல ஒரு காரணத்தை டிக் பண்ணிக் கையெழுத்துப் போட்டீங்கன்னா மெஷினை எடுத்துட்டுப் போலாமுங்க."

காரணங்கள் மூன்று. கடனாளி இறந்துவிட்டார். தலைமறைவாகிவிட்டார். கட்ட மனமில்லாதவர்.

"கட்ட வந்தும் வாங்கலைன்னு ஒரு கட்டம் இல்லீங்களா?"

"கம்ப்யூட்டர்ல அப்படி ஒண்ணு வராதுங்க."

"மொதல் ரெண்டையும் தொட்டுறாதீங்க," என்றாள் சாமியாத்தாள் அவசரமாக. "அப்பறம் மெஷினை யாரு தூக்கறது?"

மூன்றாவதை டிக் அடித்தேன். அருள்புரம் குடோனில் மெஷின் ஆட்டோவில் ஏறியது. அவள் அதைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்தாள். கல்யாணத்தன்றுகூட அந்தச் சிரிப்பை நான் பார்த்ததில்லை.

நானும் ஏறுமுன், கூடவே வந்திருந்த சசிகுமாரிடம் ஒன்று கேட்டேன். "ஏனுங்க தம்பி, எங்க கம்பெனியில ஓட்டை பீஸ் பெட்டிக்குள்ள போச்சுன்னா செக்கிங் ஆளுக்குச் சம்பளம் புடிப்பாங்க. இதுல யாருக்குப் புடிச்சாங்க?"

"பண்டல் கட்டினவருக்குப் புரமோஷனுங்க. டபுள் ஏ போட்டவரு அடுத்த பண்டலுக்குப் போட்டுட்டு இருக்காருங்க."

ஆக, கட்டியவர், விற்றவர், தரம் போட்டவர் எல்லோரும் பழுதில்லாத பீஸ்கள். கடைசியில் அந்தப் பண்டலையும் பிரித்துப் பார்த்து முறைப்படி ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டார்கள்: எட்டு மாதம் பணத்தோடு வாசலில் நின்ற என் நெற்றியில்.