அவகாசத்துக்குத் தகுந்த காரணம்

பிச்சைமுத்துவின் போன் அன்றைக்கும் அணைந்தே கிடந்தது. ஹேமலதா தன் போனை மேசை மேல் வைத்தாள்.

"இன்னைக்கு சாயந்தரத்துக்குள்ள அனுப்பணும் சார்."

எதிரே உட்கார்ந்திருந்த பேராசிரியர் முத்தமிழ்செல்வன் டீயை ஊதிக் குடித்தார். பெரம்பலூர்க் கல்லூரி ஒன்றில் நடக்கும் அந்த ஆய்வுத் திட்டத்துக்கு அவர்தான் தலைவர். ஹேமலதா ஒருங்கிணைப்பாளர். அதாவது வேலையெல்லாம் அவள் பார்ப்பாள். சென்னைக்குப் போகும் மெயிலெல்லாம் அவர் பெயரில் போகும்.

குவாரி ஓரத்து ஊர்களில் இத்தனை பேருக்கு ஏன் சிறுநீரகம் கெட்டுப்போகிறது என்று கண்டுபிடிக்க அரசாங்கம் பணம் ஒதுக்கியிருந்தது. ரத்தப் பரிசோதனை கல்லூரியின் பொறுப்பு. வீடு வீடாகப் போய்க் கணக்கெடுப்பவர் அரியலூரில் தொண்டு நிறுவனம் நடத்தும் அறிவரசன். தண்ணீரைச் சோதிப்பவர் உடையார்பாளையத்தில் சொந்தமாக ஆய்வுக்கூடம் வைத்திருக்கும் பிச்சைமுத்து. மூவரும் எழுதிக் கொடுத்தால்தான் அறிக்கை ஆகும்.

அறிவரசனைக் கூப்பிட்டாள்.

"தண்ணி ரிப்போர்ட் வராம நான் எதை வச்சுங்க எழுதறது? அவரு குடுத்த அடுத்த நிமிசம் நான் குடுத்துருவேன்" என்றார் அவர்.

"போன தடவையும் இதையேதானே சொன்னீங்க?"

"போன தடவையும் அவரு குடுக்கலீங்களே!"

அறிக்கை போகாவிட்டால் திட்டத்தை மூடிவிடுவார்கள். மூடினால் திட்டத்தின் வேனும் நின்றுவிடும். அந்த வேனில்தான் சிறுநீரகம் கெட்டுப்போன செங்கமலம் டயாலிசிஸுக்குப் பெரம்பலூர் வந்துபோய்க்கொண்டிருந்தாள். அவளோடு வந்துகொண்டிருந்த சிலர் இப்போது உயிரோடு இல்லை. அவர்களை அறிக்கையில் 'தொடர்பு விடுபட்டோர்' என்ற தலைப்பில் சேர்க்கச் சொல்லியிருந்தது சென்னை. ஹேமலதாவும் சேர்த்திருந்தாள்.

வேறு வழியில்லாமல் அவகாசம் கேட்டு எழுதினாள். உடனே பதில் வந்தது. ஏற்கெனவே ஒரு முறை, பேராசிரியர் தனியாக எழுதிக் கேட்டபோது, அவகாசம் கொடுத்தாயிற்று. இனி இயற்கைச் சீற்றம், ஆய்வுக் குழுவினரின் மரணம் தவிர வேறு காரணம் ஏற்கப்படாது.

பேராசிரியர் ஜன்னலைப் பார்த்தார்.

"மழை கிழை வர்ற மாதிரி இருக்கா?"

"வெயில் கொளுத்துது சார்."

"அப்ப இன்னொன்னுதான்" என்று மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்தார். "பிச்சைமுத்து எப்படியும் போன் எடுக்கப் போறதில்ல."

"சார், வேணாம் சார். உசுரோட இருக்கற மனுசன்."

"நான் என்ன கொல்லவா சொல்றேன்? எழுதத்தான் சொல்றேன். செங்கமலத்தை வேன்ல ஏத்தணுமா, வேணாமா?"

ஹேமலதா 'கடும் உடல்நலக் குறைவு' என்று எழுதினாள். அவர் படித்துப் பார்த்தார், அழித்தார், 'காலமானார்' என்று அடித்து அனுப்பினார்.

டீ ஆறுவதற்குள் ஆழ்ந்த இரங்கலோடு இரண்டு மாத அவகாசம் வந்தது. ஹேமலதாவுக்கு மூச்சு திரும்பியது. அப்படித் திரும்பியதற்காக வெட்கப்பட்டுக்கொண்டிருந்தபோதுதான், அந்த இரங்கல் எல்லோருக்கும் நகல் போயிருப்பதைப் பார்த்தாள்.

போன் அடித்தது. அறிவரசன் தேம்பிக்கொண்டிருந்தார்.

"நல்ல மனுசங்க! நேத்துக்கூட அவரைக் கண்டபடி ஏசிட்டேன். மனசு ஆறல. பேனருக்குச் சொல்லிட்டேன்."

"என்ன பேனர்?"

"கண்ணீர் அஞ்சலிங்க. உடையார்பாளையம் பஸ் ஸ்டாண்டுல கட்டச் சொல்லிருக்கேன்."

பேராசிரியர் 'சொல்லாதே' என்று கையை ஆட்டினார். ஹேமலதா அவசரமாக ஒரு பொய்யைத் தேடினாள்.

"அதெல்லாம் வேணாங்க. வூட்டுல எளிமையா முடிச்சுக்கறோம்னு சொல்றாங்க."

"ஐயோ, அவ்ளோ கஷ்டத்துலயா இருக்காங்க? அப்ப நாலு பேரைக் கூட்டிக்கிட்டு வந்துர்றேன்."

அவர் வைத்ததும் சென்னை அலுவலகம் பேசியது. அதிகாரி பிரேம் திருச்சிக்கு வந்திருக்கிறாராம். நாளைக் காலையில் பிச்சைமுத்துவின் வீட்டுக்கு நேரிலேயே வந்து துக்கம் கேட்பாராம்.

"நாளைக்கு எனக்கு ஒரு கல்யாணம் இருக்கும்மா" என்று எழுந்தார் பேராசிரியர். "நீ போய்ச் சமாளிச்சிரு."

மறுநாள் விடிந்ததும் ஹேமலதா பஸ் ஏறினாள். உடையார்பாளையத்தில் இறங்கியதுமே பிச்சைமுத்து பேனரில் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் அவர் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"வாம்மா. அந்தப் போட்டோவ எங்க புடிச்சானுவ? காலையில பால்காரன் என்னையப் பாத்துட்டுப் பாலைப் போட்டுட்டு ஓடிட்டான்."

ஹேமலதா வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதாள். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் போன் கிணற்றில் விழுந்து கிடக்கிறதாம்.

"தண்ணி சோதிக்கற மிசினு பொங்கலோட போச்சு" என்றார் பிச்சைமுத்து. "சரிபண்ணக் காசு கேட்டு உங்க சாருக்கு எழுதி எழுதிக் கையி ஓஞ்சு போச்சு. சொல்லலையா அவரு?"

"இல்லைங்க சார்."

அவர் இட்லியைப் பிட்டபடி யோசித்தார்.

"ஏம்மா, செத்தவன் ரிப்போர்ட் குடுக்கணுமா?"

"வேணாங்க சார்."

"அப்பச் சரி. அந்தாளு போற வரைக்கும் கொல்லையில கெடக்கேன்."

அவர் மனைவி பூங்காவனம் கரண்டியோடு வெளியே வந்தாள். "குத்துக்கல்லாட்டம் இருக்கற மனுசனுக்கு நான் எப்படி ஒப்பாரி வைக்கறது? எனக்கு அழுவ வராது, சொல்லிட்டேன்."

வாசலில் கார் நின்றது. பிச்சைமுத்து தட்டோடு கொல்லைக்கு ஓடினார். பூங்காவனம் சுவரோரம் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் நிஜமாகவே அழுதாள். நெஞ்சு குலுங்கக் குலுங்க அழுதாள். பதறிப்போன ஹேமலதா பக்கத்தில் உட்கார்ந்து தோளைப் பிடித்தாள்.

"ஒருநாள் இப்படித்தானே வரும்னு நெனச்சேன்" என்று முந்தானைக்குள்ளிருந்து முனகினாள் பூங்காவனம். "நிக்க மாட்டேங்குது கண்ணு."

ஹேமலதா அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். இனி ஒரு பொய்கூடச் சொல்லக் கூடாது என்று நினைத்துக்கொண்டாள்.

அதிகாரி பிரேம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். பின்னால் பெரிய ரோஜா மாலையைச் சுமந்துகொண்டு அவருடைய அலுவலக எழுத்தர் மணிமொழி வந்தாள்.

"ஈடு செய்ய முடியாத இழப்பும்மா" என்று பூங்காவனத்தைக் கும்பிட்டார் அதிகாரி. பிறகு ஹேமலதாவைப் பார்த்தார். "நீங்க மகளா?"

"இல்லைங்க சார்" என்று எழுந்து நின்றாள். இதையாவது உண்மையாகச் சொல்லலாம். "இந்தத் திட்டத்தோட ஒருங்கிணைப்பாளர் நான்தாங்க. ஹேமலதா."

மணிமொழியின் கையிலிருந்து மாலை நழுவியது. அவள் குனிந்து, மாலையை எடுக்காமல், ஹேமலதாவின் கால்கள் தரையில் படுகின்றனவா என்று பார்த்தாள். பிறகு அதிகாரியின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டு சொன்னாள்:

"சார், போன தடவ அவகாசம் குடுத்தோமே... இந்தம்மா இறந்துட்டாங்கன்னுதானே குடுத்தோம்?"