பதினோரு தடவை பாரீஸ் போன பாக்கியநாதர்

காரைக்காலில் எந்த வீட்டுச் சங்கதியும் அந்த வீட்டுக்காரர்களைவிட எங்கள் 'ரிமார்க்ஸ்' சாருக்குத்தான் அதிகம் தெரியும். அடித்துச் சொல்கிறேன், மறுக்க இன்னும் ஒருத்தன் பிறக்கவில்லை.

எண்பதுகளின் கடைசியில், பாரீஸ் போகிறவர்களுக்கு டிக்கெட் போடும் எங்கள் ஆபீசுக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. பெயர், பாஸ்போர்ட் நம்பர், தேதி அடிக்க வேண்டியது. கடைசியில் 'ரிமார்க்ஸ்' என்று ஒரு வரிக்கு இடம். நான் அதைக் காலியாக விடுவேன். பக்கத்து நாற்காலியில் இருந்த நம்ம சாரோ அங்கேதான் குடித்தனமே நடத்தினார்! முழங்கால் வலி, பெண்ணுக்கு வரன், பட்டாளத்தில் யாரோடு இருந்தார், எல்லாம் இங்கிலீஷ் எழுத்தில் தமிழாக ஏறும். அடிப்பதை உரக்கப் படிக்கவும் படிப்பார். "அவருக்கு முழங்கால் இல்லீங்க, இடுப்பு. மாத்துங்க" என்று வரிசையில் நிற்பவர்களே திருத்துவார்கள்.

ஒரு வரி போதாவிட்டால்? அதே பெயரில் இன்னொரு டிக்கெட் போட்டு, அதன் ரிமார்க்ஸில் தொடருவார். மாசக் கடைசியில் பட்டியலைப் பார்த்த மேனேஜர் அலறினார்.

"யாருய்யா இந்த பாக்கியநாதர்? ஒரே மாசத்துல பதினோரு தடவை பாரீஸ் போயிருக்காரு!"

"அவரு இங்க பக்கத்துல திருப்பட்டினத்தை விட்டே நகரல சார். சும்மா விசாரிக்கத்தான் வந்தாரு. பதினொண்ணும் அவரோட சங்கதி."

"கம்ப்யூட்டர் டிக்கெட்டுக்குய்யா!"

"டிக்கெட்டுக்கு நோட்டே போதும் சார். யாருக்கு யார் வேணும்னு தேடத்தான் இந்த மிஷினு."

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "சனிக்கிழமைக்குள்ள அத்தனை ரிமார்க்ஸையும் அழிச்சிடு."

வெள்ளிக்கிழமை லூர்தம்மா அழுதுகொண்டே வந்தார். புருஷன் சவரிமுத்து பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்த சொல்தா, போன மாசம் தவறிவிட்டார். கல்யாணம் நடந்தது சைகோனில். பத்திரம் தொலைந்துபோச்சு.

"அவரு பென்ஷன் எனக்கு வரணும்னா கல்யாணத்தைப் பார்த்தவங்க யாராச்சும் கையெழுத்துப் போடணுமாம் தம்பி. இல்லாட்டி நான் அவரு பொஞ்சாதியே இல்லையாம்! பாரீசுக்குப் போயாவது ஆளைத் தேடுறேன், டிக்கெட் போடுங்க."

ரிமார்க்ஸ் சார் 'சைகோன்' என்று அடித்துத் தேடினார். பாக்கியநாதரின் ஏழாவது டிக்கெட்டில் போய் நின்றது. 'சைகோனில் சவரிமுத்து கல்யாணத்துக்கு மாப்பிள்ளைத் தோழன். போட்டிருந்த கோட்டு இரவல்.'

"பாரீசெல்லாம் வேணாம்மா. திருப்பட்டினம் பஸ் ஏறுங்க. இருங்க, நானும் வர்றேன்" என்று ஆபீசைப் போட்டது போட்டபடி கிளம்பிவிட்டார். அன்று சாயங்காலமே பாக்கியநாதர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

சனிக்கிழமை மேனேஜர் என்னிடம் கேட்டார், "அழிச்சாச்சா?"

"ஆச்சு சார்" என்றேன்.

என் சர்வீசில் மேலதிகாரியிடம் சொன்ன ஒரே பொய் அது. அந்த மனுஷனுக்காக இன்னும் பத்துப் பொய் கேட்டிருந்தாலும் சந்தோஷமாகச் சொல்லியிருப்பேன்.