ஒன்பதாம் கட்டத்துக்கு உங்கள் கையெழுத்து

பெருமதிப்புக்குரிய மாமா அவர்களுக்கு,

உங்கள் மருமகன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான், அம்மா, அத்தை மூவரும் சுகம். அங்கே நீங்களும் உங்கள் முழங்காலும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மரியாதைக்கு இவ்வளவு போதும், விஷயத்துக்கு வருகிறேன். போனிலேயே பேசியிருப்பேன். மூன்று தடவை கூப்பிட்டேன், மூன்று தடவையும் நீங்களே எடுத்து, உங்கள் குரலிலேயே "ராங் நம்பர்" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். கடிதத்திடம் அப்படிச் சொல்ல முடியாது. பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். வாங்கிக்கொண்டதற்கு ஒரு கையெழுத்துப் போட்டாக வேண்டும். பேனா கையில் இருக்கும்போதே எனக்கு வேண்டிய இன்னொரு கையெழுத்தையும் போட்டுவிடுங்கள்.

நடந்ததை நீங்கள் மகளிடமும் மாப்பிள்ளையிடமும் வேறு மாதிரி சொல்லியிருப்பீர்கள். அதனால் சரியாக எழுதுகிறேன். அகதிகளை ஏற்றுக்கொண்ட பகுதிகளில், பழையவர்களும் புதிதாக வந்தவர்களும் சேர்ந்து பயன்படுத்த ஏதாவது ஒரு வசதி செய்துகொள்ள அரசு மானியம் தருகிறது. நம் தெருக்கோடியில் மூடிக்கிடந்த செருப்புத் தொழிற்சாலைக்கு இருபத்தாறு குடும்பங்கள் வந்து எட்டு மாதம் ஆகிறது, ஆகவே நமக்கும் தகுதி உண்டு. குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் நீங்கள், மேடையோடு ஒரு மண்டபம் வேண்டும் என்றீர்கள். நான் பொதுச் சலவைக் கூடம் வேண்டும் என்றேன். ஓட்டெடுத்ததில் மண்டபத்துக்கு விழுந்தது ஒரே ஓட்டு. அதுவும் உங்கள் கை. அத்தை உங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு சலவைக்குக் கையைத் தூக்கினார். "துணி துவைக்கிற எடத்துக்கெல்லாம் நான் தலைவரா இருக்க முடியாதுடா" என்று மகள் வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டீர்கள். ஏறுவதற்கு முன் ராஜினாமாவாவது கொடுத்திருக்கலாம். அதுவும் இல்லை. தலைவர் கையெழுத்து இல்லாத விண்ணப்பத்தை வாங்க மாட்டார்கள். கடைசி நாள் வருகிற வியாழக்கிழமை, மாலை நாலு மணி. அது தாண்டினால் இந்த மானியம் நமக்கு இந்த ஜென்மத்தில் இல்லை.

கௌரவத்தை விடுங்கள், கணக்கைப் பாருங்கள். தொழிற்சாலையில் நூற்றுப் பன்னிரண்டு பேருக்கு நாலு குழாய். வாளியும் கடிகாரமும் வைத்து நானே அளந்தேன்: நிமிடத்துக்கு ஆறு லிட்டர். ஒரு போர்வையை அலசி முடிப்பதற்குள் வரிசையில் நிற்கிறவர் சட்டை இன்னும் அழுக்காகிவிடும். நம் பக்கம் மட்டும் என்ன வாழ்கிறது? போன வருஷம் சங்கத்துக்கு வந்த நாற்பத்தொரு புகாரில் முப்பத்தாறு, மேல்மாடித் துணி கீழ்மாடியில் சொட்டியது பற்றி. அதில் பதினொன்று உங்கள் பனியன் பற்றி. உங்களுக்குக் கீழ்வீட்டுப் பல் டாக்டரம்மா தேதி போட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். பத்து இயந்திரம், உலர்த்த ஆறு, இரண்டாயிரம் லிட்டர் தொட்டி, தனி வடிகால். வரைபடம் போட்டுவிட்டேன். மண்டபத்தில் வருஷத்துக்கு ஒரு நாள் நீங்கள் பேசுவீர்கள். துணி தினமும் அழுக்காகிறது.

இதுவரை பிரச்சினை இல்லை. விண்ணப்பத்தில் எட்டுக் கட்டத்தை ஒரு மணி நேரத்தில் நிரப்பிவிட்டேன். ஒன்பதாம் கட்டத்தில் மாட்டிக்கொண்டோம். "புதியவர்களை உங்கள் பகுதி எவ்வாறு வரவேற்றது? புகைப்படம் இணைக்கவும்." எவ்வாறு வரவேற்றோம் என்று உங்களுக்குத் தெரியும். நம் செயலாளர் தையல்காரர் பீரோவைக் குடைந்து ஒரே ஒரு படம் கொண்டுவந்தார். அவர்கள் வந்த பஸ்ஸுக்கு முன்னால் நீங்கள் இரண்டு கையையும் விரித்து நிற்கிறீர்கள். "பாத்தியா தம்பி, எவ்ளோ பாசமா வரவேற்கிறாரு!" என்றார். "அண்ணே, பின்னாடி பலகையில 'உள்ளே விடமாட்டோம்'னு கொட்டை எழுத்துல எழுதியிருக்கு" என்றேன். "அதை வெட்டிட்டாப் போச்சு" என்றார். முடியாது என்றேன். சரி, படம்தானே வேண்டும், புதிதாக எடுத்துவிடலாம் என்று என்னிடம் சொல்லாமலே ஒரு பஸ்ஸை வாடகைக்குப் பேசி, ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு இருபத்தாறு குடும்பமும் பெட்டி மூட்டையோடு தெருமுனைக்கு வந்து பஸ்ஸில் ஏறி, நூறு அடி தள்ளி இறங்கவேண்டும், நாம் மாலையோடு நிற்போம் என்று சொல்லியனுப்பிவிட்டார். புதியவர்களில், பழுதாகிக் கிடந்த நம் கட்டட லிஃப்டை ஓடவைத்தாரே அந்த லிஃப்ட்காரர், உங்கள் முழங்கால் ஆறு மாதமாக அவர் புண்ணியத்தில்தான் நாலாம் மாடி ஏறியது, அவர் வெறுங்கையோடு வந்து நின்று பஸ்ஸை மேலும் கீழும் பார்த்தார். "எதுக்குங்க இது?" என்றார். "நீங்க மறுபடி வர்ற மாதிரி ஒரு படம்" என்றார் தையல்காரர். "மறுபடி வரணும்னா முதல்ல மறுபடி போகணும்ல? ஒரு தடவை வந்ததே போதும் சார்" என்று சொல்லிவிட்டு லிஃப்ட்காரர் சிரித்தார். எங்களில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. சரி, பஸ்ஸை அனுப்பிவிடலாம் என்றால் அது கிளம்பவில்லை, பேட்டரி அவுட். கடைசியில் அவர்களும் நாமுமாக நாற்பது பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு தள்ளினோம். தையல்காரர் அதைத்தான் படம் எடுத்தார். பார்க்கிறவனுக்கு, ஊரே ஒன்றுசேர்ந்து ஒரு பஸ்ஸைத் தெருவை விட்டு விரட்டுவது போல இருக்கிறது.

போதும் என்று பேனாவை எடுத்து ஒன்பதாம் கட்டத்தில் இப்படி எழுதிவிட்டேன்: "நாங்கள் இவர்களை வரவேற்கவில்லை. நூற்றெண்பது பேர் எதிர்ப்பு மனுவில் கையெழுத்திட்டோம். எங்கள் தலைவர் பஸ்ஸை நாற்பது நிமிடம் மறித்தார். அவர்கள் முனையிலேயே இறங்கி மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்தார்கள். எங்களில் யாரும் ஒரு குண்டூசிகூடக் கொடுக்கவில்லை. இரண்டு பக்கத்தாரும் நின்று நாலு வார்த்தை பேச இங்கே இடமில்லை. துணி எல்லோருக்கும் அழுக்காகிறது. ஆகவே சலவைக் கூடம் வேண்டும்." தையல்காரர் படித்துவிட்டு, "தம்பி, இதுக்கு மானியம் வராது, போலீஸ்தான் வரும்" என்றார். வரட்டும். பொய் எழுதி இயந்திரம் வாங்க நான் தயாரில்லை. உண்மையை எழுதிக் கேட்கலாம், அப்படியும் கிடைக்காவிட்டால் அடுத்த வழியைப் பார்க்கலாம். இதன் கீழே நீங்கள் கையெழுத்துப் போடுவது கசப்பாகத்தான் இருக்கும். மறித்தது நீங்கள், நான் இல்லை. போடுங்கள். வியாழக்கிழமை வரை தினமும் ஒரு பதிவுத் தபால் வரும், எனக்கு அலுக்காது.

உங்கள் மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் என் அன்பு. குழந்தைகளுக்கு என் முத்தம். முழங்காலுக்கு டாக்டர் சொன்ன பயிற்சியை விடாமல் செய்யவும். பெரியவர்கள் ஆசி எனக்கு எப்போதும் வேண்டும். இந்த வாரம் கையெழுத்தோடு சேர்த்து அனுப்பினால் நல்லது.

என்றும் தங்கள் கீழ்ப்படிதலுள்ள
மருமகன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போன நேரத்தில் அத்தை மூச்சு வாங்க வந்தார். நான் எழுதியதற்குப் புதியவர்கள் சார்பில் ஒரு சாட்சிக் கையெழுத்து வாங்க லிஃப்ட்காரர் வீட்டுக்குப் போயிருந்தார். அவர் படித்துப் பார்த்துவிட்டு, "இதுல ஒரு பொய் இருக்கு, நான் போட மாட்டேன்" என்று அத்தையைத் தொழிற்சாலையின் பொதுக் குளியலறைக்குக் கூட்டிப்போய்க் காட்டினாராம். "நம்ம ஹீட்டர்டா! நான் சுத்தியலால தட்டின நசுங்கல்கூட அப்படியே இருக்கு! ரிப்பேருக்குக் குடுத்திருக்கேன்னாருடா உங்க மாமா. எட்டு மாசமா நான் அடுப்புல வெந்நீர் வெச்சுக் குளிக்கிறேன்!" என்று பொரிந்தார் அத்தை. பஸ்ஸை மறித்த அன்று சாயங்காலமே நீங்கள் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போய், "பச்சைக் குழந்தை இருக்கு, குளிர்ந்த தண்ணில குளிப்பாட்டாதீங்க. வெளியில மூச்சு விட்டீங்கன்னா இன்னொரு மனு போடுவேன்" என்றீர்களாம். ஆக, நான் பாடுபட்டு எழுதிய உண்மை பொய்யாகிவிட்டது. குண்டூசி வரியை அடித்துவிட்டு, ஹீட்டரைத் தேதியோடு சேர்த்து, லிஃப்ட்காரர் சாட்சிக் கையெழுத்தும் வாங்கி இணைத்திருக்கிறேன். நீங்கள் கையெழுத்துப் போட்டால் இதை மானிய அலுவலகத்தில் ஒரு அதிகாரி மட்டும் படிப்பார். போடாவிட்டால் வெள்ளிக்கிழமை சங்கக் கூட்டத்தில், மனுவில் கையெழுத்துப் போட்ட நூற்றெண்பது பேர் முன்னால், மைக் வைத்து நானே படிப்பேன்.