ஹைஃபனுக்கு இரண்டு பக்கமும் ஆள் வேண்டும்

ஒரு சின்னக் கோட்டுக்காக ஊர் உலகத்தோடு சண்டை போடக்கூடிய மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் உண்டு. சிறுசேரி ஆபீஸில் அவர் எனக்கு அடுத்த நாற்காலி. இணையதளப் பெயர்களைப் பதிவு செய்து தரும் கம்பெனி எங்களுடையது. கேட்ட பெயர் செல்லுமா, செல்லாதா என்று போனில் சொல்வது எங்கள் வேலை. எழுத்து, எண், ஹைஃபன் என்கிற சின்னக் கோடு வரலாம். இடைவெளி கூடாது. ஹைஃபன் முதலிலும் கடைசியிலும் நிற்கவே கூடாது. நாங்கள் இதைக் கடனே என்று ஒப்பிப்போம். அவர் வேதம் மாதிரி ஓதுவார். ஹைஃபன் அண்ணாத்த என்றே கூப்பிட ஆரம்பித்து, அவருடைய சொந்தப் பெயர் எங்களுக்கு மறந்துபோனது.

ஒருநாள் மாமல்லபுரத்தில் தங்கும் விடுதி நடத்தும் அம்மா ஒருவர் கூப்பிட்டார்.

"சார், எங்க பேருல எட்டு எழுத்துதான் கீது. நியூமராலஜிக்காரரு ஒம்போது வரணும்னாரு. கடைசில ஒரு ஹைஃபன் போட்டுக்கிறேன்."

"கூடாதும்மா. அத்த ஓரத்துல தனியா நிக்க வெக்காத. ரெண்டு பக்கமும் ஆளு வோணும்."

"கோடுதான சார், அதுக்கு இன்னா கஷ்டம்?"

அண்ணாத்த எழுந்தே விட்டார். கோபம் வந்தால் அவருக்கு உட்கார்ந்து பேச வராது. "நடுவுல போடும்மா! அப்பவும் ஒம்போதுதான்!"

எண் ஜோசியரைக் கேட்டுச் சொல்வதாக அந்த அம்மா போனை வைத்தார். ஜோசியருக்கும் மறுக்க வழியில்லை.

கம்பெனி பஸ்ஸிலும் அண்ணாத்தைக்கு இதே சட்டம்தான். மூன்று பேர் சீட்டில் நடு இடம்தான் வேண்டும். ஜன்னலோரம் கொடுத்தால் "வோணாம் நைனா" என்பார். விழுந்து விழுந்து சிரிப்போம். மனைவி இறந்த பிறகு கேளம்பாக்கத்தில் ஒற்றை அறையில் இருக்கிறார், பேச்சுத்துணைக்கு இந்த ஆபீஸை விட்டால் அவருக்கு யாருமில்லை என்று தெரிந்த பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டோம்.

பெயர்களைச் சரிபார்க்க மென்பொருள் வந்தது. அண்ணாத்தைக்கு வேலை போயிற்று. கடைசி நாள் வாசற்படியில் எல்லோரும் போட்டோவுக்கு நின்றோம். எப்போதும் நடுவில் புகுந்துகொள்ளும் மனிதர் அன்றைக்கு ஓரமாகப் போய் நின்றார்.

"இன்னா அண்ணாத்த அங்க? நடுவுல வா."

"இருக்கட்டும் நைனா. இனிமே நானு ஓரந்தான."

நான் போய் அவருக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டேன்.

"இப்ப செல்லும்," என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு அவருக்கு இப்போது எங்கள் வீட்டில்தான். பஸ் கிடைக்காமல் தாமதமாகத்தான் வருவார். எங்களோடு இருக்கும் என் மாமனாருக்குப் பசி தாங்காது. ஆனாலும் அண்ணாத்தைக்காக நடு இடத்தை விட்டுவிட்டு, நான் இந்தப் பக்கமும் மாமனார் அந்தப் பக்கமுமாகக் காத்திருக்கிறோம்.